கதவு தட்டுற இடம்

எழுத்தாளர் கழகத்துல சேரணும்னு இப்திஹேலுக்கு ரொம்ப நாளா ஆசைதான். ஆனா அவளைப் பிடிச்சுத் தள்ளிவிட்டது அவ உம்மா.

"சேர்த்துக்கிட்டா வெள்ளிக்கிழமை ரேடியோவுல கதையை வாசிப்பாங்களாமே? வாசிச்சா அவன் கேப்பான்டி. எங்க இருந்தாலும் காதுல ரேடியோவை மாட்டிக்கிட்டுத் திரியுற பய அவன்."

அவன்னா ஸியேத். இப்திஹேலோட அண்ணன். ஆலிவ் பறிக்கிற குளிர்காலத்துல, அவங்க ஊரான ஸர்ஸிஸ் பசங்க சில பேரோட இத்தாலிக்குப் படகேறிப் போனான். அஞ்சாறு மாசம் ஆச்சு, இப்ப பச்சைப் பாதாங்காயே சந்தைக்கு வந்தாச்சு. அவன்கிட்டேர்ந்து ஒரு போன் கிடையாது. வீட்டுல யாரும் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவே மாட்டாங்க. சொன்னா பலிச்சுரும். ஒரு தடவை அத்தை, "கடல் எடுத்துக்கிச்சோ என்னவோ"ன்னு இழுத்தா. "போய் வாயைக் கழுவிட்டு வா"ன்னு உம்மா அவளை நிஜமாவே குழாயடிக்கு அனுப்பிட்டா. அத்தையும் பேசாம போய்க் கொப்பளிச்சுட்டு வந்தா.

இப்திஹேலுக்குப் பயமே அதுதான். முதல் தடவை அவ கதையை வேற மாதிரி எழுதியிருந்தா. ரெண்டு பசங்க படகுல போறாங்க. ஒருத்தன் பாடுறான். அப்புறம் பாட்டு கேக்கல. அவ்வளவுதான் கதை. எழுதி முடிச்சதும் கையெல்லாம் சில்லுனு ஆயிருச்சு, தானே அண்ணனைத் தண்ணிக்குள்ள தள்ளிவிட்ட மாதிரி. கிழிச்சு அடுப்புல போட்டுட்டு மறுபடி எழுதினா. இந்தத் தடவை பாட்டு நின்னதுக்கு அப்புறம் அண்ணன் வந்து கதவைத் தட்டுறான். கையில மாதுளம்பழப் பை. யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதுன்னு அவனை அந்தக் காலத்துல கடலுக்குள்ள முங்கிக் கடல்பஞ்சு எடுக்குறவனா மாத்திட்டா.

சனிக்கிழமை சாயங்காலம், நூலகத்து மாடியில கூட்டம். அந்தக் கழகத்துல ஒரு வழக்கம் உண்டு. புதுசா வர்றவங்க தன் கதையைத் தானே வாசிக்கக்கூடாது. தபாலாபீஸ் ஃபெத்தியோட சிவப்புத் தொப்பிக்குள்ள எல்லார் பேரையும் சீட்டெழுதிப் போட்டு ஒண்ணை எடுப்பாங்க. யார் பேர் வருதோ அவங்கதான் வாசிக்கணும். யார் எழுதினதுன்னே தெரியாத மாதிரி எல்லாரும் நடிக்கணும். எழுதினவங்க டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு வாயைத் திறக்காம உக்காந்திருக்கணும். கடைசியில ஒரே ஒரு தடவை பேசலாம், சொன்ன திருத்தத்தைச் செய்யுறேன்னோ செய்யலைன்னோ. செய்யலைன்னா அன்னைக்குச் சேர்த்துக்கமாட்டாங்க.

"யார் எழுதினதோ, அல்லாவுக்குத்தான் தெரியும்"ன்னான் ஃபெத்தி. "ஆனா அந்த மூலையில ஒரு டீ கிளாஸ் தானா நடுங்குது பாருங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிக்கப் பாத்தா. டீ பாவாடையில சிந்துச்சு.

சீட்டுல வந்த பேர் முக்தார்.

முக்தார் மாமா வாடகை வண்டி ஓட்டுறவர். ஆள் சேர்ற வரைக்கும் ஸ்டாண்டுல உக்காந்து கவிதை எழுதுவார்னு ஊரே கிண்டல் பண்ணும். ஆனா அவரும் இந்தக் கழகத்துல இருக்கார்னு இங்க வந்தப்புறம்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. அவர் மகன் ஹம்தியும் ஸியேத் போன அதே படகுலதான் போனான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நல்லாத்தான் ஆரம்பிச்சார். கதையில உம்மா மகனைத் திட்டுற இடத்துல சிரிக்கக்கூடச் செஞ்சார். 'கூட வந்தவனுக்குச் சுருதியே சேராது, ஆனாலும் பாட்டை நிறுத்தமாட்டான்'ங்கிற வரி வந்ததும் குரல் இறங்கிருச்சு. ஒரு தடவை நிமிந்து அவளைப் பாத்தார். திரும்பக் குனிஞ்சு கடைசி வரைக்கும் வாசிச்சார். வாசிச்சு முடிச்சுட்டு கடைசித் தாளைத் திருப்பி அந்தப் பக்கம் பாத்தார். வெத்துத் தாள்தான். எதுக்குப் பாக்குறார்னு அவளுக்கு அப்ப புரியல.

மருந்துக்கடை வச்சிருக்குற ரஃபிகா மேடம்தான் கழகத் தலைவி. "கையில எழுத்து இருக்கு. ஆனா முடிவு இருக்கே, இருமல் மருந்து மாதிரி ஒரே சர்க்கரை"ன்னாங்க.

"அதான் மேடம்! மாசக்கணக்கா கடல்ல காணாம போனவன் மாதுளம்பழப் பையோட வந்து நிக்குறானே, பஸ்ஸுலயா வந்தான்? டிக்கெட் எடுத்தானா?"

"ஃபெத்தி, சும்மா இருங்க. கதவு தட்டுற இடத்துலேர்ந்து வெட்டிரணும். 'பாட்டு கேக்கல'ன்னு முடிச்சா போதும். அப்படி முடிச்சா இந்த வெள்ளிக்கிழமையே ரேடியோவுக்கு அனுப்பிருவேன்."

அடுப்புல எரிஞ்ச அதே முடிவு. இந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்திஹேலுக்குப் புரியல.

"வரட்டுமே"ன்னார் முக்தார். "பையன் வீட்டுக்கு வந்தா உங்களுக்கெல்லாம் என்ன குறைஞ்சு போச்சு?"

"மாமா, வாசிச்சவர் வக்கீலா வாதாடக்கூடாது"ன்னான் ஃபெத்தி.

"நான் எங்கடா வக்கீல்? வண்டிக்காரன். ஏத்தின ஆளை இறக்கி விடணும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஃபெத்தி தொப்பியை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டான்.

"எழுதினவங்க சொல்லட்டும்"ன்னாங்க ரஃபிகா மேடம்.

வெட்டுறேன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த மேஜையில அவளுக்கும் ஒரு நாற்காலி. அங்கதான் ஆளுங்க வாய்விட்டுப் பேசுறாங்க. அவ வீட்டுல மூச்சு விடுறதுக்கே பயமா இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை உம்மா ரேடியோவை மடியில வச்சுக்கிட்டு, அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சிருப்பா. பாட்டு கேக்கலைன்னு ரேடியோ சொல்லும். சொன்னது சொந்த மகளா இருக்கும்.

"வெட்டல"ன்னா.

ரஃபிகா மேடம் தாளையெல்லாம் அடுக்கி அவ கையில குடுத்தாங்க. "பரவாயில்லம்மா. வேற ஒண்ணு எழுதிக் கொண்டா."

அவகிட்ட வேற ஒண்ணு இல்ல.

முக்தார் மாமா, "ஏறு, வீட்டுல விடுறேன்"னார். வண்டி துறைமுகம் தாண்டுச்சு. அப்புறம் ரோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டார்.

"இன்னொருத்தன் என்ன ஆனான்?"

"எந்த இன்னொருத்தன் மாமா?"

"பாடினவன். தாளைத் திருப்பிக்கூடப் பாத்தேன். அந்தப் பக்கமும் அவன் இல்ல."

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. பலிச்சுரும்னு அத்தனை பயந்து, முடிவைத் திருப்பி எழுதினவ, கதவுகிட்ட தன் அண்ணனை மட்டும்தான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தா. ஹம்தியை நடுக்கடல்லயே விட்டுட்டா.

"மறந்துட்டேன் மாமா."

"அது உங்க வீட்டுக் கதவு. உன் அண்ணன்தான் வருவான். தப்பில்ல."

திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

வீட்டுல உம்மா ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குஸ்குஸ் மாவைத் தேச்சுக்கிட்டு இருந்தா. "என்னடி, சேர்த்துக்கிட்டாங்களா?"

"இல்ல உம்மா."

"ஏன்? ரேடியோவுல வராதா?"

"அவன் வர்ற இடத்தை வெட்டினாத்தான் போடுவாங்களாம்."

உம்மாவோட கை மாவுக்குள்ள அப்படியே நின்னுச்சு. "நீ வெட்டலையே?"

"வெட்டல."

உம்மா எழுந்து, மாவுக் கையோடவே போய் ஜன்னல் ரெண்டு கதவையும் தள்ளித் திறந்தா. கடல் காத்து ஜில்லுனு உள்ள வந்துச்சு. "அவங்க ரேடியோவை அவங்களே வச்சுக்கட்டும். இங்க நின்னு வாசி. சத்தமா வாசி."

இப்திஹேல் ஜன்னல்கிட்ட நின்னு வாசிச்சா. கீழ முக்தார் மாமாவோட வண்டி இன்னும் போகல. எஞ்சினை அணைச்சிருந்தார். கண்ணாடி இறங்கியிருந்துச்சு, அதுல அவர் முழங்கை மட்டும் தெரிஞ்சுது.

வாசிக்க வாசிக்க, ரஃபிகா மேடம் சொன்னதுதான் சரின்னு அவளுக்கே தெரிஞ்சுது. பாட்டு நின்ன இடத்துலயே கதை முடிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் வர்றது கதையே இல்ல. ஆனாலும் நிறுத்தல. அண்ணன் வந்தான், கதவைத் தட்டினான். அங்க தாளுல இல்லாத ஒரு வரியைச் சேர்த்து வாசிச்சா.

"அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தனும் நின்னான். சுருதி சேராம பாடிக்கிட்டே நின்னான்."

உம்மா திரும்பி வாசக்கதவைப் பாத்தா. நிஜமாவே பாத்தா.

கீழ அந்த முழங்கை மெல்ல உள்ள போச்சு. எஞ்சின் சத்தம் வரல.

"இன்னொரு தடவை வாசி. தட்டுற இடத்துலேர்ந்து"ன்னா உம்மா.