மேலத்தெரு முக்கு

கிராமசபையில் சண்முகத்தாய் கையைத் தூக்கியதும், எதிரே உட்கார்ந்திருந்த அவள் தம்பி கருப்பணன் எழுந்தே நின்றுவிட்டான்.

எம். புதுப்பட்டிக்கு வந்த பணத்தில் ஊர் வாசலில் அலங்கார வளைவு கட்டுவதா, மேலத்தெரு முக்கை அகலப்படுத்தி வேகத்தடையும் விளக்கும் போடுவதா என்று ஊரே முடிவு செய்யவேண்டும். முக்கை அகலப்படுத்தினால் கருப்பணன் தெருவுக்குள் மூன்றடி தள்ளிக் கட்டிய சுவர் போகும். அந்தச் சுவர் மறைப்பதால், பட்டாசு ஆபீசுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் திரும்புவது யாருக்கும் தெரியாது. ஆனி மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தெருப்பிள்ளை முத்துமாரியின் கால்மேல் வேன் ஏறியதும் அங்கேதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் சண்முகத்தாய். முழங்காலுக்குக் கீழே தொங்கியதை முந்தானையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

முக்குதான் ஜெயித்தது. சாயங்காலம் கருப்பணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஊரான் கை தூக்குனாச் சரி. கூடப்பொறந்தவ தூக்கலாமாக்கா?"

"ஏலே, செவுத்தைத் தள்ளிக் கட்டிக்கிடலாம். அந்தப் பிள்ளைக்குக் காலைக் கட்டமுடியுமாலே?"

"இடிக்க வர்ற அன்னிக்குப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சாத்தூரிலிருந்து ஜேசிபி வந்தது. டிரைவர் அருள்பாண்டி முதல் இடி இடித்ததுமே பாதிச் சுவர் சரிந்தது. கருப்பணன் கடப்பாரையோடு பாய்ந்தான். ஒரே போட்டில் கண்ணாடி நொறுங்கியது. அருள்பாண்டியைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு, வாயிலும் நெஞ்சிலும் மிதித்தான். பல்லும் ரத்தமுமாக அவன் புழுதியில் உருண்டான். அப்படியும் ஆத்திரம் அடங்காமல் கருப்பணன் வீட்டுக்குள் ஓடி அருவாளை எடுத்து வந்தான்.

கிராமசபையில் உயர்ந்த அத்தனை கைகளும் வேலிப்பக்கம் ஒதுங்கி நின்றன.

சண்முகத்தாய் மட்டும் குறுக்கே விழுந்தாள். டிரைவர் கழுத்துக்கு இறங்கிய வெட்டு அவள் இடது முன்கையில் இறங்கியது. எலும்பில் அருவாள் மாட்டிக்கொள்ள, அவன் அதைப் பிடுங்கினான். வலி அவளுக்கு உறைக்கவில்லை. வலக்கைக்குச் சிக்கிய செங்கலை எடுத்துத் தம்பி முகத்தில் அடித்தாள். அருவாள் கீழே விழுந்தது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான். அவள் இன்னொரு தடவையும் அடித்தாள். கண் இருந்த இடத்தில் ரத்தம் குமிழியிட்டது.

சிவகாசி ஆஸ்பத்திரிக்கு வாக்குமூலம் எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரை முந்திக்கொண்டு, கருப்பணனின் பெண்டாட்டி பாலம்மாள் வந்து சண்முகத்தாயின் கட்டிலடியில் விழுந்தாள்.

"மதினி, கண்ணாடி குத்துச்சுன்னு சொல்லிருங்க. ரெண்டு பேரும் தப்பிச்சிருவீக."

"அந்த டிரைவர் தாடை ஒடஞ்சு கெடக்கானே, அவனை எது குத்துச்சாம்?"

போலீஸ்காரரிடம் சண்முகத்தாய் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். கடைசியில், "ரெண்டாவது அடி, அவன் அருவாளை விட்ட பெறகு அடிச்சதுய்யா" என்றாள்.

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தினார். "அதைச் சொல்லணும்னு இல்லம்மா."

"எழுதுங்க."

இரண்டு பேர் மேலும் வழக்கு விழுந்தது. மிச்சச் சுவரைப் போலீஸ் காவலோடு இடித்தார்கள். வேகத்தடை வந்தது, விளக்கு வந்தது. அவள் இடது கை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை.

ஜாமீனில் வந்த கருப்பணன் ஒருநாள் அவளை முக்கில் நிறுத்தினான். ஒரு கண் குழியாகியிருந்தது.

"மொத அடிக்கு நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது எதுக்குக்கா?"

"நீ எந்திரிச்சிருவேன்னு பயந்துட்டேன்" என்றாள். பிறகு அது முழு உண்மையில்லை என்று பட்டது. "கோவமும்தான்லே."

அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். அந்தத் தையில் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்குப் பொங்கச்சீர் வரவில்லை.