வெறுங்கையனுக்கு மின்சாரம்

...விரல் நுனியிலிருந்து வரவேண்டுமா, உள்ளங்கையிலிருந்தா, அதையாவது சொன்னார்களா, ஒன்றும் கிடையாது, மின்சாரம் வரவேண்டும், அவ்வளவுதான், ஐந்து மணிக்குள் வரைந்த பக்கம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மணி மூன்றரை. அவள் பென்சிலைச் சீவினாள், அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது. பதினோரு வருஷமாக அவள் வரைவது ஒரே படக்கதை இதழ், அதே ஐந்து பேர், பறக்கிறவள், கல்லுடம்பன், சுவருக்குள் புகுந்து போகிறவன், தீயைக் கூப்பிடுகிறவள், கடைசியாக ஒரு சக்தியும் இல்லாத வெறுங்கையன், கராத்தே தெரியும் என்பதைத் தவிர அவனிடம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. காலையில் கூட்டத்தில் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நாலு பேரும் வானத்துல சண்டை போடுறாங்க, இவன் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டிருக்கான், படிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வருதும்மா" என்றார். கதை எழுதுகிறவர் அதற்கென்றே காத்திருந்தவர் போல, "கையில கரண்ட் குடுத்துடலாம் சார், ஒரே பக்கத்துல வேலை முடிஞ்சிடும்" என்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். ஏன் மூடிக்கொண்டாள்? பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உதடு அசைய அசைய எத்தனை வாதம், சக்தி உள்ளவன் சண்டைக்குப் போவதில் என்ன பெருமை சார், இல்லாதவன் போகிறானே, அதுதானே கதை... நல்ல வாதம்தான், கேட்க வேண்டியவர் எதிரில் இல்லாதபோது வந்து வாய்த்த வாதம்.

ஆசிரியர் சொன்னதிலும் பொய்யில்லை. வெறுங்கையனுக்கு ஒரு வேலை கண்டுபிடிப்பதற்குள் ஒவ்வொரு மாதமும் அவளுக்குத் தலை கிறுகிறுத்துப் போகும், கோபுர உயரத்துக்கு ஒரு பூதம் வந்து நின்றால் அவன் எதைக் குத்துவான், அதன் கட்டைவிரலையா? அதனால் படிக்கட்டில் கூட்டத்தை இறக்கிவிடச் செய்வாள், பூட்டிய கதவை உதைக்கச் செய்வாள், பூதத்தோடு கூட வந்த அடியாட்களை அவன் பங்குக்குத் தள்ளிவிடுவாள், விருந்தில் கடைசிப் பந்திக்காரனுக்குப் பரிமாறுவது மாதிரி. ஆனால் அந்த உடம்பை வரையும்போது மட்டும் கை தானாக ஓடும், பார்த்து வரைய வேண்டியதில்லை, அது தம்பியின் உடம்பு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கூடத்து நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்பான், அப்போது அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் கராத்தே வாத்தியார், "அக்கா, கால் மரத்துப்போச்சு, சீக்கிரம் வரையேன்" என்பான், "ஆடாம நில்லுடா" என்பாள், அவன் வேண்டுமென்றே ஆடுவான்.

மூன்று வருஷம் ஆகிறது. பேருந்து நிலையத்தில் ஒரு நடத்துனரை நான்கு பேர் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், இவன் குறுக்கே போனான். இரண்டு பேரைச் சாய்த்துவிட்டான், அதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், பிறகு பின்னாலிருந்து இரும்புக் கம்பி, வலது முழங்காலின் பின்பக்கம், அதன்மேல் இன்னும் இரண்டு அடி. நடத்துனர் எப்போதோ போய்விட்டிருந்தார், ஆஸ்பத்திரிக்குக்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. வந்த உறவுக்காரர்கள் எல்லாரும், "உனக்கெதுக்குப்பா ஊர் வம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருநாள் சாயங்காலம் அவள் மட்டும் இருந்தபோது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ரொம்பப் பயமா இருந்துச்சுக்கா" என்றான். அவள் சிரித்தாள். "யாரு, நீயா? உனக்கா பயம்?" ஆறுதலாக இருக்கும் என்றுதான் சிரித்தாள்... அப்படித்தானா? அந்த மாத இதழில் அவள் ஒரு பேருந்து நிலையத்தை வரைந்தாள், பன்னிரண்டு பேர், எல்லாரையும் வெறுங்கையன் ஒருவனே அடித்து விரட்டினான், கடைசிக் கட்டத்தில் சனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். சுடச்சுட ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் புரட்டினான், "நல்லா வந்திருக்குக்கா" என்றான், போர்வைமேல் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்தா வைத்தான்?

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். பழைய இதழ்களைத் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள், மணி நாலே கால், இது இப்போது தேவையா, தேவைதான். நான்காம் வருஷத்து இதழ், வெறுங்கையனின் புருவத்தில் பிளாஸ்திரி. ஐந்தாம் வருஷம், மணிக்கட்டில் கட்டு, வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான், கல்லுடம்பன் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவருகிறான். ஏழாம் வருஷம், ஒரு பல் போய்விட்டது, அதை வைத்து இரண்டு பக்கம் கேலி. எட்டாம் வருஷம்... பேருந்து நிலையம். அதற்குப் பிறகு புரட்டினாள், புரட்டினாள், ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு வியர்வை இல்லை, மூன்று வருஷமாக அவன்மேல் ஒரு அடி விழவில்லை. எல்லாரையும் அடிக்கிறான், யாராலும் அவனைத் தொட முடியவில்லை. இப்படிப்பட்டவனைப் பார்த்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? கரண்ட் கொடுக்கலாம் என்று அவர்கள் இன்றைக்குத்தான் சொல்கிறார்கள், அவள் அன்றைக்கே கொடுத்துவிட்டாள், யாரையும் கேட்காமல், கூட்டம் போடாமல்.

தம்பி இப்போது கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறான், உட்கார்ந்து செய்கிற வேலை. போன் போட்டாள், நான்காவது தடவை மணி அடித்தபோது எடுத்தான்.

"அக்கா, என்ன இந்நேரத்துல? நாப்பத்தி ரெண்டு... நாப்பத்தி ரெண்டு யாருங்க, உள்ள போங்க. சொல்லுக்கா."

"ஒண்ணுமில்லடா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில, பயமா இருந்துச்சுன்னு சொன்னியே..."

அவனுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுதது, நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது.

"அத எதுக்கு இப்பக் கேக்குற?"

"அன்னைக்கு நான் கேக்கல. அதான்."

"ரெண்டு பேரு விழுந்தாங்கல்ல," என்றான், குரலைத் தாழ்த்திக்கொண்டான், "மூணாவது ஆளு கம்பிய எடுத்தத நான் பாத்துட்டேன்க்கா. பாத்துட்டு, ஓடிடலாம்னு திரும்புனேன். திரும்புனப்பத்தான் அடி. எல்லாரும் பின்னாடி வந்து அடிச்சிட்டானுங்கன்னாங்க. பின்னாடி வரல. நான்தான் முதுகக் காட்டுனேன்."

திரும்பினால் என்ன, யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள் என்று சொல்லலாம், அதுவும் அன்றைய சிரிப்பு மாதிரி ஆகிவிடுமோ... வேறு வழியில்லாமல் வெறுங்கையனின் சங்கதியைச் சொன்னாள், கரண்ட் கொடுக்கச் சொல்கிறார்கள், எனக்கு இஷ்டமில்லை, அவன் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவன், அதுதான் அவனுடைய அழகு, சண்டை போட்டாவது தடுக்கப்போகிறேன், உனக்காகத்தான்...

"குடுத்துடுக்கா," என்றான் தம்பி.

"என்னது?"

"கரண்ட்டக் குடுத்துடு. பாவம், அவனும் எத்தனை நாளைக்கு வெறுங்கையோட நிப்பான்? நாப்பத்தி மூணு... வெக்கிறேன்க்கா, கூட்டமா இருக்கு."

மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். கடைசிக் கட்டத்தில் வெறுங்கையனின் கை தயாராக இருந்தது, ஐந்து விரலும் விரிந்து, தம்பியின் சுண்டுவிரல் வளைவு அப்படியே. ஒரு கோடு இழுத்தால் மின்சாரம், இழுக்காவிட்டால் வெறும் கை, மூளை குழம்ப இதில் என்ன இருக்கிறது? காலையிலிருந்து, இல்லை, பதினோரு வருஷமாக, ஒரு சக்தியும் இல்லாமல் ஒருவன் போய் நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டது யார்? தம்பி கேட்டானா? அவன் கால் மரத்துப்போச்சு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். வாழ்நாளில் ஒருவரை அடித்ததில்லை, ஒருவரிடம் அடி வாங்கியதில்லை, காலையில் ஒரு கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டவள்... அவளுக்கல்லவா அப்படி ஒருவன் வேண்டியிருந்தது. இதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் போலிருந்தது, யோசிக்கப் பயமாகவும் இருந்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். ஆசிரியரின் பெயரோடு போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது, அவள் அதை எடுக்காமல் பென்சில் முனையை அந்த விரல் நுனியில் வைத்தாள், வைத்தபடியே இருந்தாள்.