செங்குழலாள் முன்நடந்த மணவழி

மேலைக்கடல் ஓயாது நுரைக்கையால் வருடும் அயர்லாந்துக் கரையிலே, இரவெல்லாம் பெய்த பெருமழை ஓய்ந்து, மாசியின் இளவெயில் கற்சுவர்களிலும் கருமண் வயல்களிலும் பால்போற் படர்ந்திருந்த முற்பகலில், மணமகள் எத்னாவைப் புரவிமேல் ஏற்றித் தந்தை மர்ட்டா கடிவாளம் பற்றி முன்செல்ல, உற்றார் பதினெழுவர் குழலிசையோடு கோயில் நோக்கிச் சென்றனர். மறுநாள் கிறித்தவரின் நோன்புக்காலம் தொடங்கும், அது முடியும்வரை ஏழு கிழமை மணவினை இல்லை. முன்னரே இருமுறை தள்ளிப்போன மணம் இது. இன்றும் தவறின் மகனுக்கு வேறிடம் பார்ப்பதென்று மணமகன் பின்டனின் தாய் சொல்லிவிட்டிருந்தாள்.

ஆற்றை நோக்கி இறங்கும் வளைவிலே, கடற்பாசி பறித்துப் பிழைக்கும் கோப்னட் என்பாள், அவிழ்ந்த செங்கூந்தல் காற்றில் அனலென அலைய, இருகையும் விரித்து வழிமறித்து நின்றாள். மணவழிச் செல்வார் எதிரே செம்மயிர்ப் பெண் வருதல் பெருந்தீங்கென்று அஞ்சும் அவ்வூரில், அதனை அறிந்து மணநாள்தோறும் கதவடைத்து உள்ளிருப்பவள் அவள். குழலிசை நின்றது.

"திரும்புங்க எல்லாரும்," என்றார் மர்ட்டா. "நல்ல நாளும் அதுவுமா எதிர்ல வந்து நிக்கிறா பாரு."

"என்ன பேசுவீங்கன்னு தெரிஞ்சுதாங்க வந்தேன். பாலத்த வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு."

"உன் தலையப் பாத்துப் பாலமே ஓடிருச்சா?" என்றார் எத்னாவின் சிற்றப்பர். சிலர் நகைத்தனர்.

எத்னா புரவியினின்று இறங்கினாள். "அக்கா, வேற வழி இருக்கா?"

"கடல் வத்திக் கெடக்கு. ஆறு அங்க மணல்ல விரிஞ்சு கணுக்கால் தண்ணியாத்தான் ஓடுது, மணல்மேல போனா கோயிலுக்குப் பின்னால ஏறிடலாம். புதைமணல் இருக்கு, எடம் எனக்குத்தான் தெரியும். ஆனா நான் முன்னால நடக்கணும் தாயி."

"அவ முன்னால நடந்தா இந்தக் கல்யாணம் விளங்குமா?" என்றார் தந்தை.

"நடக்கலன்னா கல்யாணமே இல்லையேப்பா," என்று சொல்லி, வெண்காலணிகளைக் கழற்றிக் கையிற்கொண்டு, கோப்னட்டின் அடிச்சுவட்டிலே தன் அடியை வைத்து அவள் நடக்கலானாள். சுற்றம், ஈரமணலில் வெறுங்காலோடு செல்லும் மகளைக் கண்டு, ஒருவர்பின் ஒருவராய்ப் பின்தொடர்ந்தது.

நண்பகல் மணி ஒலிக்குமுன் மணம் முடிந்தது. பின்டனின் தாய் தன் வீட்டு வாயிற்படியில் மணமகள் தலைமேல் ஓட்ஸ் அடையை உடைத்து வாழ்த்த, சிதறிய துண்டுகளுள் முதலாவதை எத்னா எடுத்துக் கோப்னட்டின் கையில் வைத்தாள்.

அறிவுடையீர், ஊரின் அச்சம் ஒருநாளில் ஒழிவதன்று. அவ்வில்லத்தில் ஆ நோயுற்றபோதும் படகு உடைந்தபோதும் அச்செங்கூந்தலையே ஊரார் காட்டினர். எத்னா வாதிட்டிலள். மூன்றாமாண்டு பிறந்த மகளுக்கு, ஊரில் எவரும் இடத் துணியாத அப்பெயரையே இட்டாள். ஞாயிறுதோறும் கோயில் முற்றத்தில் "கோப்னட்" என்று அவள் உரக்க அழைப்பாள். இருவர் திரும்பிப் பார்ப்பர்.