தமிழ் தெரிந்த நோயாளி

"தீதி, அடுத்த பிள்ளைக்கு எத்தனை வருஷம் பொறுக்கணும்னு இதுல எழுதியிருக்கா?" மினதி ஆஸ்பத்திரி அட்டையை நீட்டினாள். இந்தியில்தான் கேட்டாள்; தீதி என்றால் அக்கா.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். அதன் ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தகரக் கொட்டகைகளில் ஒன்றில், ஒடிசாவிலிருந்து வந்த ஏழெட்டுப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் நஃபீசா தமிழ் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கணவனோடு ஷார்ஜாவில் பதினொரு வருஷம் இருந்தபோது அக்கம்பக்கத்தில் பழகிய இந்தி, இங்கே உதவியது.

"இது பொறந்தே பன்னெண்டு நாள்தான் ஆச்சு. உன் புருசன் சுதாமுக்கு அவ்வளவு அவசரமா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். மினதியும் தையல் வலிக்காமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்கில்ல, அவங்கம்மாவுக்கு. அடுத்தது பையனா இல்லாட்டி மகனுக்கு வேற பொண்ணு பாத்துடுவாங்களாம்."

மூத்த பெண் ஊரில், ஒடிசாவின் பலாங்கீரில், மாமியாரிடம் வளர்கிறாள். மடியில் இருந்ததும் பெண்தான்.

அட்டையில் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது. சிசேரியன் என்பது புரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. நஃபீசா அதை இரண்டு முறை படித்தாள். குழந்தையை எடுத்த கையோடு கருக்குழாய்களைக் கட்டியிருக்கிறார்கள்.

"எழுத்து புரியலை. நாளைக்கு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வரேன்" என்றாள்.

அன்று மேற்கொண்டு பாடம் ஓடவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரசவ வார்டு நர்ஸ் சுகன்யா இரவுப் பணி முடித்து முகம் கழுவிவிட்டு வந்தாள்.

"மினதியா? நல்லா ஞாபகம் இருக்குக்கா. தங்கமான பொண்ணு. ஏன், தையல்ல சீழ் வச்சிருச்சா?"

"குடும்பக் கட்டுப்பாடு பண்ணிருக்கீங்க. அவளுக்கே தெரியலம்மா."

"என்னக்கா சொல்றீங்க? நான்தான கேட்டேன். ரெண்டு குழந்தை ஆயிடுச்சு, இதோட ஆபரேசன் பண்ணிடலாமான்னேன். 'சரிங்க'ன்னா. மறுபடி கேட்டேன். 'சரிங்க, நன்றிங்க'ன்னா."

"அதுக்கு மேல எதுவும் பேசுனாளா?"

சுகன்யா யோசித்தாள். "இல்ல. வலியில இருந்தா." பிறகு உள்ளே போய் ஒரு கோப்பை எடுத்து வந்தாள். "பாருங்க, கையெழுத்துகூட தமிழ்ல போட்டா. டாக்டரே அசந்துட்டாரு."

மினதி. மூன்று எழுத்தும் கோடு தப்பாமல் இருந்தன. அவற்றை எழுத வைக்க நஃபீசாவுக்கு ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவள்தான் மரியாதையை முதல் பாடமாக வைத்தவள். குடியிருப்பு வாசலில் கடை வைத்திருக்கும் அய்யம்பெருமாள், "இந்தப் பொம்பளைங்க என்னை வா, போங்குதுங்கம்மா" என்று சடைத்துக்கொண்டதிலிருந்து அப்படி. வந்த ஊரில் யாருடைய கோபத்துக்கும் ஆளாகாமல் இருப்பதுதான் பிழைப்பு என்பது ஷார்ஜாவில் அவள் கற்றது. அதனால் சரிங்க, நன்றிங்க, இருக்கட்டுங்க. இரண்டே மாதத்தில் அய்யம்பெருமாள், "எங்கூட்டுக்காரி இவ்வளவு மரியாதையா பேசமாட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாட்டேன், வேண்டாம், எனக்குப் புரியவில்லை என்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"அவ புருசனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமேம்மா."

"பாஷை தெரியாதவங்கன்னா கண்டிப்பா கூப்பிடுவோம்க்கா. இந்தி தெரிஞ்ச ஆளு யாருன்னு தேடுவோம். இவதான் தமிழ் பேசுறாளேன்னு..." சுகன்யா கோப்பை மூடினாள். "நான் கெட்டது நெனச்சுச் செய்யல."

"திரும்பச் சரி பண்ண முடியுமா?"

"திருச்சில பெரிய டாக்டர்ங்கதான் பாக்கணும். அப்பவும் கரு நிக்குமான்னு சொல்ல முடியாது."

நஃபீசா நேரே குடியிருப்புக்குப் போனாள். மினதி கொடிக்கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நஃபீசா இந்தியில் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் தீர்மானித்தும், சுற்றித்தான் வந்தது. கேட்டு முடித்ததும் மினதி வாசலில் உட்கார்ந்தாள். அழவில்லை.

"அவர்கிட்ட நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லாதீங்க தீதி. உசுருக்கு ஆபத்துன்னு டாக்டரே பண்ணிட்டார்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவார்."

சுதாம் ஷிப்ட் முடிந்து வந்தான். புருவமெல்லாம் கல்தூள். நஃபீசா எழுந்து நின்று, கேட்டுக்கொண்டபடியே சொன்னாள். ரத்தப்போக்கு, ஆபத்து, வேறு வழியில்லை.

அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"நான் கதவுக்கு வெளியிலதான் பெஞ்ச்ல உக்காந்திருந்தேன் தீதி. ராத்திரி முழுக்க. ஆபத்துன்னா என்னை ஏன் கூப்பிடல?"

நஃபீசா வாய் திறந்தாள். மினதிக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள் என்பதுதான் பதில். அதைச் சொன்னால் பொய் உடையும்.

"கூப்பிடாதது ஏன்?" அவன் இப்போது மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"என்கிட்ட கேட்டாங்க" என்றாள் மினதி. "நான் சரின்னேன். என்ன கேட்டாங்கன்னு தெரியாது."

"தெரியாமயா? எனக்கே தமிழ் சொல்லிக்கொடுத்தவ நீ."

"சத்தியமா அவளுக்குத் தெரியாது. தப்பு என்னோடது" என்றாள் நஃபீசா. என்ன தப்பு என்று விளக்கத் தொடங்கினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. கைப்பேசியை எடுத்துச் சற்றுத் தள்ளிப் போய் நின்று ஊருக்குப் பேசினான். 'மா' என்று தொடங்கி ஒடியாவில் பேசினான். மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது. நஃபீசாவுக்கு ஒடியா தெரியாது.

"என்ன சொல்றாங்க மினதி?"

மினதி எழுந்தாள். மடியில் இருந்த குழந்தையை உள்ளே கிடத்திவிட்டு வந்து, பாதி காய்ந்திருந்த தன் சேலைகளையும் குழந்தையின் துணிகளையும் கயிற்றிலிருந்து எடுத்து மடிக்கத் தொடங்கினாள். சுதாமின் சட்டைகளைத் தொடவில்லை.