காம்சேன் பெயரில் ஒரு கல்லீரல்

மூன் ஆற்றங்கரையில் காம்சேன் பிசைகிற பச்சை மீன் கொய்ப்லாவுக்கு ஈடு கிடையாது. உயிரோடு பிடித்த மீனைப் பொடியாகக் கொத்தி, எலுமிச்சை பிழிந்து, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் தூவி, மேலே ஒரு கைப்பிடி செவ்வெறும்பு போட்டால் முடிந்தது. அடுப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஒருமுறை தட்டிலிருந்த மீன் அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. கொத்திய பிறகுதான் கண்ணடித்தது என்பதற்கு ஊரில் சாட்சிகள் உண்டு. சாட்சிகள் எல்லோரும் அரிசிச் சாராயம் குடித்திருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

பச்சை மீனில் புழு இருக்கிறது, அது பித்தக் குழாயில் போய்க் குடியேறும், வருடக்கணக்கில் இருந்து கட்டியில் கொண்டு விடும் என்று ஊர் ஊராக வயிற்றை ஸ்கேன் எடுக்கும் ஆஸ்பத்திரி வண்டியில் வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"எலுமிச்சையில பாதிப் புழு சாகும், சாராயத்துல மீதி சாகும், தப்பிச்சதை எறும்பு தின்னுடும்" என்பது காம்சேனின் வைத்திய சாஸ்திரம். இவ்வளவு தைரியசாலி, வண்டி வருகிற நாளில் மட்டும் எருமைக் கொட்டகையில் வைக்கோலுக்குள் இருப்பார். அவருடைய அண்ணன் உடம்பெல்லாம் மஞ்சளாகிச் செத்தவர். பார்க்காத வரைக்கும் கட்டி வராது என்று காம்சேன் நம்பினார்.

இந்த வருடம் அவர் மனைவி நுவன்சான் வைக்கோலைப் பிரித்துவிட்டாள்.

"ஸ்கேன் எடுத்துட்டு வந்தா வீட்டுக்குள்ள வா. இல்லேன்னா எருமையோடயே குடித்தனம் நடத்திக்கோ."

காம்சேன் நேராகப் பக்கத்து வீட்டு பென்சக்கிடம் போனார். பென்சக் முன்னாள் பிக்கு. காவியைக் கழற்றிய பிறகும் பச்சை மீனைத் தொட்டதில்லை என்று, கேட்காதவர்களையும் நிறுத்திச் சொல்கிறவர்.

"என் பேர்ல நீ போய்ப் படுத்துட்டு வாடா."

"என் கல்லீரலா? கோயில் சிலை மாதிரி பளபளன்னு இருக்குமே அண்ணே! டாக்டரம்மா பார்த்தவுடனே கும்பிடுவாங்க."

"அதுக்குத்தானே உன்கிட்ட வந்தேன்."

கூலி ஒரு சண்டைச் சேவல். அடையாள அட்டையில் இருந்த படம் பழசாகி, காம்சேனுக்கே யாரோ மாதிரி தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்கு எங்கே தெரியப் போகிறது? பென்சக் போனார், படுத்தார், வந்தார், சேவலை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஊர்ச் சுகாதார ஊழியர் மாலி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "நுவன்சான் அக்கா! காம்சேன் அண்ணனுக்குப் பித்தக் குழாய் ஓரத்துல சின்னதா கட்டி மாதிரி தெரியுதாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். மஞ்சள் ஏறிட்டா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

நுவன்சான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஊரே சுட்ட கோழியும் ஒட்டரிசிச் சோறுமாக வந்து இறங்கியது. காம்சேனும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கோழிகளை முடித்தார். மூன்றாவது கோழியின் தொடையைக் கடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது: கட்டி தன்னுடையது இல்லை என்றால், பின்னே யாருடையது?

தொடை தொண்டையில் நின்றது. எதிரே பென்சக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காம்சேன் அவரைக் கொட்டகைக்கு இழுத்துப் போனார்.

"டேய், படுத்தது நீ. அப்போ கட்டி உன்னுதுடா!"

"என்ன அண்ணே சின்னப்புள்ளையாட்டம்? நான் உன் அட்டையைத்தானே நீட்டினேன்! மெஷின் பேரைப் பார்த்து உன் கல்லீரலைக் காட்டிடுச்சு."

காம்சேனுக்கு அந்த விளக்கம் ஒரு நொடி மிகவும் பிடித்திருந்தது. அப்புறம் மஞ்சளாகிப் போன அண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"உண்மையைச் சொல்லு. பச்சை மீன் தின்னியா?"

பென்சக் எருமையைப் பார்த்தார். எருமை வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

"கண்ணை மூடிக்கிட்டுத் தின்னாக் கணக்குல வருமா அண்ணே?"

"எத்தனை தடவை மூடினே?"

"நீ கொய்ப்லா பிசையுற அன்னிக்கெல்லாம். சட்டியில மிஞ்சினதை."

காம்சேன் அவர் காதைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார். கூட்டத்தின் நடுவே நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பிறகு ஊர்க்காரர்கள் மிச்சமிருந்த கோழிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நுவன்சான் ஒட்டரிசிக் கூடையால் கணவர் தலையில் ஒரு போடு போட்டுவிட்டு, அடுத்த ஊரில் நின்ற வண்டிக்கு இருவரையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

இந்தத் தடவை டாக்டரம்மா இருவர் வயிற்றிலும் பேனாவால் பெயரை எழுதிவிட்டுத்தான் படுக்க வைத்தாள். கட்டி பென்சக்கிடமே இருந்தது. காம்சேனிடம் கட்டி இல்லை. மலத்தைச் சோதித்ததில் புழு மட்டும் ஒரு கிராமமே இருந்தது. அவருக்கு மாத்திரை, அதோடு இனிமேல் மீனை வேகவைத்துத் தின்ன வேண்டும் என்ற தண்டனை.

பெரிய ஆஸ்பத்திரியில் பென்சக்கின் கல்லீரலில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். "முழுசா எடுத்தாச்சு. நல்ல வேளை, சீக்கிரம் வந்தீங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். காம்சேன் மீன் குழம்போடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரொம்ப வலிக்குதாடா?"

"எனக்கு எதுக்கு வலிக்கணும்? முதல்ல உன் பேர்லதானே வந்துச்சு அந்தக் கட்டி. நீதான் கொஞ்சம் முனகணும் அண்ணே."

காம்சேன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நண்பனுக்காகக் கொஞ்ச நேரம் முனகினார். நர்ஸ் ஓடி வந்து அவருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள்.