துஷாந்தியின் துண்டு

"பழசெல்லாத்தையும் அழிக்கவோ எண்டு கேக்குது, அக்கா," என்றான் சுஜிதன். கதிரையைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு, அக்காவின் பழைய மடிக்கணினியை மடியில் வைத்திருந்தான்.

பிரியவதனி கண்ணைத் திறக்கவில்லை. வலி மருந்து அவளைக் காலையிலிருந்தே ஆழமில்லாத ஏதோ கடலில் மிதக்க விட்டிருந்தது. யன்னல் வெயில் நுளம்பு வலையில் பட்டு, அறையெங்கும் பால் நிறம்.

"படங்களை வேறயா எடுத்து வச்சிட்டியெல்லோ? அப்ப அழி."

பாரிஸிலிருந்து பன்னிரண்டு நாள் லீவில் சொந்த ஊரான கரம்பொனுக்கு வந்தவன் அவன். இது ஒன்பதாம் நாள். அக்காவின் கைபேசியில் ஏழு குரல் பதிவுகள் இருந்தன. துஷாந்தியின் தகப்பன் ஏன் விட்டுப் போனான் என்பதை மகளுக்கு மட்டும் சொல்லி வைத்தவை. அவளுக்குப் பதினொரு வயது, பதினெட்டில் கேட்கட்டும். அதுவரை ஒரே வீட்டில் இருக்கும் மாமி இராசமணியின் காதுக்கு எட்டக்கூடாது. அதற்குத்தான் கணினியில் இந்தப் புது லினக்ஸ், இந்தப் பூட்டு.

"டிஸ்க்கை முழுசாப் பூட்டட்டோ, துண்டு பிரிச்சு ஒண்டை மட்டும் பூட்டட்டோ? முழுசெண்டாத்தான் பாதுகாப்பு."

"முழுசாப் பூட்டினா என்ர செத்தவீட்டுக்கு மாமி எங்கையிருந்து படம் எடுக்கிறது?" சிரிப்பு இருமலாக முடிந்தது. "பிரி. படங்கள் எல்லாருக்கும் பொது. பிள்ளைக்குத் தனித் துண்டு."

"முன்னுக்கு ஒரு சின்னத் துண்டும் வேணும். அதைப் பூட்டிறேல்லை. அதாலதான் மிஷின் உள்ளுக்கு வரும்."

"ஓ, வாசல் படலை." அவள் கண்ணைத் திறந்தாள். "வேலியை நேராப் போடு, தம்பி. அப்பான்ர காணியைப் பிரிச்ச மாதிரிப் போடாதை. இன்னும் எனக்குக் கிணத்துக்கு வழியில்லை."

கட்டிலின் மறுபக்கத்தில் அமர்ந்து தாயின் காலைத் தடவிக்கொண்டிருந்த துஷாந்தி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இனிப் பாஸ்வேர்ட். மறந்தா என்னாலும் திறக்கேலாது. எங்கையாவது எழுதி வையுங்கோ."

"எழுதினா மாமி வாசிப்பா. உன்ர வாயும் மாமிக்கு முன்னால நிக்காது. வச்சிட்டுத் திரும்பி நில்."

கணினியைக் கட்டிலில் வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனான். பனைகளுக்கு அப்பால் கடல் வெளிறிக் கிடந்தது. பின்னால் விசைகள் தயங்காமல் தட்டுப்பட்டன. அக்காவுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கவே நடுங்கும் கைகள். மருந்து கொஞ்சம் பிடித்திருக்கிறது போல என்று நினைத்தான். எல்லாம் முடிந்து கணினி பாஸ்வேர்டை மறுபடி கேட்டபோதும் அப்படியே திரும்பி நின்றான்.

பதிவுகளை உள்ளே போட்டு, அவள் சொன்னபடி கைபேசியிலிருந்து அழித்தான். "பிள்ளைக்கெண்டு ரெண்டாவது திறப்பு, இன்னொரு பாஸ்வேர்ட் ஒண்டும் போடலாம், அக்கா."

அவள் தூங்கியிருந்தாள். எழும்பட்டும் என்று விட்டான். பின்னேரம் மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

கணினியை அவன் நிறுத்தவில்லை. பற்றரி எப்போதோ செத்துப்போனது; வயரில் ஓடும்வரை பூட்டுத் திறந்தேயிருக்கும், செத்தவீட்டுக் காரியம் முடிய எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடலாம்.

மறுநாள் சுடலையால் வந்து முழுகி, ஈரத் தலையோடு அறைக்குள் போனான். வயர் நிலத்தில் கிடந்தது.

"மாமி, இதை ஆர் கழட்டினது?"

"நான்தான்ரா. செத்த வீட்டில ஒண்டும் ஓடக்கூடாது. ரீவி, பிறிஜ் எல்லாம் நிப்பாட்டினனான். இது நேற்றிலயிருந்து வெளிச்சம் அடிச்சுக்கொண்டு கிடந்தது."

வயரைச் செருகினான். படங்கள் கேளாமலே வந்தன: வள்ளத்தில் பிரியவதனி, காற்றில் தலைமயிர் முகத்தை மூடச் சிரித்தபடி. மற்றத் துண்டு திறப்புக் கேட்டது. பிள்ளையின் பெயரை அடித்தான். அப்பாவின் பெயர். பிறந்த நாட்கள். ஒன்றுக்கும் மசியவில்லை.

"என்னடா தேடுறாய்?" மாமி வாசலில் நின்றாள்.

"ஒண்டுமில்லை, மாமி."

அவள் குசினிப் பக்கம் போனதும் துஷாந்தி வந்தாள். முழுகின தலை தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, தாய் படுத்திருந்த இடத்தில் ஏறியிருந்து, கணினியை மடிக்கு இழுத்தாள்.

"மாமா, திரும்பி நில்லுங்கோ."

திரும்பினான். அதே பனைகள். பின்னால் நேற்றைய அதே விசைகள், அதே வேகத்தில், எங்கும் தயங்காமல்.

"ஏழும் இருக்கு," என்றாள். கணினியின் மூடி மெல்லச் சாத்தப்பட்டது.

சுஜிதன் திரும்பவில்லை. காரைநகர்ப் பக்கம் ஒரு படகு, போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல், வெளிச்சத்துக்குள் இருந்தது.