ஏழாம் நம்பர் முத்திரை

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பிள்ளைப்பாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவை மட்டும் விட்டுவிடுங்கள். நான் பிளவுஸ் தைக்கிறவள். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் பெண்களுக்குக் கையோடு வாயும் திறந்துகொள்கிறது. அதற்கு நான் என்ன செய்ய? காதுக்கு ஊக்கு வைத்தா தைக்க முடியும்?

மாரிசெல்வி அப்படி வாய் திறக்கிற ரகம் இல்லை. அதனாலேயே அவள் மேல் எனக்கு அக்கறை கொஞ்சம் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என் வீட்டுக்கு எதிர் மாடியில், ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் இருந்தாள். ஊர் எல்லையில் இருக்கிற கிரைண்டர் கம்பெனியில் வேலை. மேஜை மேல் வைத்து மாவாட்டுகிற சின்ன கிரைண்டர் அப்போதுதான் கல்யாணச் சீரில் ஏற ஆரம்பித்திருந்தது. நான் சொல்வது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், தை மாதம்.

கம்பெனியில் அவளுக்குக் கடைசி மேஜை. கிரைண்டர் பெட்டிக்குள் போவதற்கு முன் அவள் கைக்கு வரவேண்டும். அவளிடம் ஒரு மெஷின் உண்டு. அதன் ஒரு வயரை கிரைண்டரின் பிளக்கில் மாட்டி, இன்னொரு வயரின் கிளிப்பை கிரைண்டரின் இரும்பு உடம்பில் கவ்வவிட்டு, பட்டனை அழுத்தி ஒரு நிமிஷம் பார்க்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு வோல்ட். உள்ளே எங்கேயாவது கரண்ட் கசிந்தால் சிவப்பு விளக்கு எரிந்து 'பீ' என்று கத்தும். கசியாவிட்டால் பச்சை. பச்சை வந்தால் அட்டையில் முத்திரை குத்துவாள். வட்ட முத்திரை, நடுவில் ஏழு. கிண்டிக்குப் போய்ப் பத்து நாள் படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய முத்திரை. ஏழு என்றால் மாரிசெல்வி, வேறு யாரும் இல்லை. கழுத்துத் தாலியை மாதிரி அதைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தாள். தாலி ஏறுவதற்கு முன்னாலேயே!

தாலி கட்டப்போகிறவனும் அதே கம்பெனிதான். சக்திகுமார், லைன் சூப்பர்வைசர், தூரத்துச் சொந்தத்தில் முறை மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நிச்சயப் பிளவுஸைப் போட்டுப் பார்க்க என்னிடம் வந்தாள்.

அரை மணியில் அனுப்பியிருக்கலாம். கை ஒரு நூல் இறுக்கம், அவ்வளவுதான். ஆனால் மாமியார்க்காரி எப்படி, நாத்தனார் எத்தனை என்று கேட்காமல் எப்படி விடுவது? அவள் ஒவ்வொரு வார்த்தையாக உதிர்க்க, நான் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க, மணி ஒன்றரை ஆகிவிட்டது.

"யக்கா, நாப்பத்தெட்டு பீஸ் கெடக்கு. மூணு மணிக்கு காஞ்சிபுரம் லோடு கெளம்பணும்" என்று துள்ளினாள்.

"இன்னாத்துக்கு இப்டி அலறுற? குந்து வண்டில, வுட்டுட்டு வர்றேன்" என்று என் மொபெட்டில் ஏற்றினேன். போகிற வழியில் கழுத்தைப் பார்த்தேன். கயிறு இல்லை. "முத்திரை எங்கடி?"

"அத்தான்ட்ட குடுத்துட்டு வந்தேன். வெளிய கொண்டுபோகக் கூடாதுல்லா" என்றாள். வெட்கம் வேறு.

கம்பெனி கேட்டில் அந்த அத்தான் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"மாரி, ஒனக்கு இன்னைக்கு வேலையே இல்ல. நாப்பத்தெட்டையும் நானே போட்டுட்டேன். லோடு கெளம்பிப் பத்து நிமிசம் ஆச்சு. எப்படி!"

கட்டிக்கப்போகிறவளுக்கு வேலையை மிச்சம் பண்ணிவிட்டானாம். நான் மனசுக்குள் 'பரவாயில்லையே பையன்' என்று நினைத்தேன். பக்கத்தில் திரும்பினால் மாரிசெல்வி முகத்தில் ரத்தமே இல்லை.

"கிளிப்ப எங்க மாட்டுனிய?"

"ஒடம்புலதான்."

"ஒடம்புல எங்க?"

"முன்னால, பளபளன்னு இருக்கே, அங்க."

"அது பெயின்ட் அத்தான். பெயின்ட் மேல மாட்டுனா கரண்ட் எப்படித் தெரியும்? அடியில மொட்டையா ஒரு ஸ்க்ரூ இருக்கு, அதச் சொரண்டி மாட்டணும். சரி, மொதல்ல திருடனப் போட்டுப் பாத்தியளா?"

திருடன் என்பது வேண்டுமென்றே வயரைக் கெடுத்து வைத்த பழைய கிரைண்டர். வேலை ஆரம்பிக்கும்போது முதலில் அதை மாட்டுவாளாம். சிவப்பு எரிந்தால்தான் மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம்.

"அது எதுக்கு? அது கெட்டுப்போனதுன்னுதான் தெரியுமே" என்றான் சூப்பர்வைசர்.

"ஒரு நிமிசமாவது வச்சியளா?"

"பச்சை ஒடனே எரியுது. பெறகு எதுக்கு ஒரு நிமிசம்?"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். செக்யூரிட்டி அறையிலிருந்து மேனேஜர் இராமச்சந்திரன் செல்லுக்குப் போட்டார்கள். அவர் தண்டலத்தில் ஏதோ மீட்டிங். போன் அணைந்து கிடந்தது. லாரி டிரைவரிடம் அந்தக் காலத்தில் ஏது செல்?

சக்திகுமார் குரலைத் தாழ்த்தினான். எனக்குக் கேட்கக் கூடாது என்று. பாவம், என் காதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும். "வுடு மாரி. ஆயிரத்துல ஒண்ணுதான ஃபெயிலாவும்?"

"அந்த ஒண்ணு எதுன்னு சொல்லுங்க. நான் இப்பவே ரூமுக்குப் போயிருதேன்."

"சாருக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும். வெள்ளிக்கெழம நிச்சயத்த வச்சுக்கிட்டு..."

"நாப்பத்தெட்டு அட்டையிலயும் ஏழுன்னுல்லா இருக்கு. ஈரக் கையோட ஒருத்தி தொட்டு விழுந்தா, அவ புருசன் வந்து ஏழு யாருன்னு கேப்பான். சக்திகுமார் யாருன்னா கேப்பான்?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "யக்கா, வண்டிய எடுங்க."

இப்படி ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன் தெரியுமா!

முடுக்கினேன். ஒரகடம் ரோட்டில் என் மொபெட் அவ்வளவு வேகம் போகும் என்று அதற்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். புழுதி, லாரிகள், நிலம் விற்பனைக்கு என்று வழியெல்லாம் போர்டு. முந்தானை பறக்கிறது. பின்னால் அவள் "யக்கா, வாலாஜாபாத் தாண்டிட்டா புடிக்க முடியாது, வெரசா, வெரசா" என்று என் தோளைப் பிய்க்கிறாள்.

"வாலாஜாபாத்தா? கம்முனு வா. அந்தாளு ஒரகடமே தாண்டியிருக்க மாட்டான்."

"எப்படிச் சொல்லுதிய?"

எப்படியா? டிரைவர் ரத்தினம் லோடு எடுக்கிற நாளெல்லாம் ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் மீனம்மாள் மெஸ்ஸில் ஒரு மணி நேரம் நிற்பான். மீன் குழம்புக்காக என்று ஊரில் சொல்லிக்கொள்கிறான். மீனம்மாள் புருஷன் போய் ஆறு வருஷம். அவளுக்கும் நான்தான் பிளவுஸ் தைக்கிறேன். போன தீபாவளியிலிருந்து அவள் கழுத்து வைத்துத் தைக்கச் சொல்கிற டிசைனைப் பார்த்தால் அது மீன் குழம்பு விவகாரம் இல்லை என்று குழந்தைக்கும் புரியும். இதையெல்லாம் ஊர்வம்பு என்று என் வூட்டுக்காரர் திட்டுவார். அன்றைக்கு அந்த வம்புதான் வழி காட்டியது.

மெஸ்ஸுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மினி லாரி நின்றது. தார்ப்பாய் அவிழவில்லை. மாரிசெல்வி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள். நான் நேராகக் கொல்லைக்குப் போனேன். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கொடுவாள் மீசை ரத்தினம், லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கை வரை மாவோடு, மீனம்மாளின் கிரைண்டரில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருக்கிறான். ஓடுகிற கிரைண்டரில் ஈரக் கையால் மாவை வழித்து வழித்து உள்ளே தள்ளுகிறான். மீனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறாள்.

பின்னால் வந்த மாரிசெல்வி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். அப்புறம் மூச்சு வாங்கச் சொன்னாள்: "அண்ணாச்சி, லோடத் திருப்பணும். டெஸ்ட் ஆகாத சரக்கு."

"இன்னாம்மா தமாஷ் பண்ற?" ரத்தினம் கையைக்கூட எடுக்கவில்லை. "கேட் பாஸ் போட்டாச்சு, சீல் கீது, சைன் கீது. சூப்பர்வைசர் சொல்லாம வண்டி திரும்பாது."

"அந்த சீல் என்னோடது. நான்தான் ஏழு. நான் குத்தல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

சட்டம் பேசுகிறவனிடம் சட்டம் பேசி என்ன பிரயோஜனம்? நான் கொஞ்சம் முன்னால் வந்தேன். "ரத்தினம், உங்க அக்கா வாலாஜாபாத்துலதானே கீது? நாளைக்கு அவங்க ஜாக்கெட் குடுக்கப் போறேன். தம்பி நல்லா மாவாட்டுதுன்னு சொல்லட்டா?"

மீனம்மாள் வெற்றிலையோடு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். ரத்தினம் எழுந்து கை கழுவினான். இரண்டு நிமிஷத்தில் லாரி கம்பெனிப் பக்கம் மூக்கைத் திருப்பியது.

நான் கம்பெனிக்குள் எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். ஒரு சாட்சி வேண்டாமா? இராமச்சந்திரனும் தண்டலத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். ஒல்லி மனிதர், கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துத் துடைத்தே அது தேய்ந்துபோயிருக்கும்.

"யார் போட்டது?" என்றார்.

"முத்திரையக் கைமாத்திக் குடுத்தது நான் சார்" என்றாள் மாரிசெல்வி.

பிறகு பின்வரிசையிலிருந்து சக்திகுமார் முன்னால் வந்தான். "குத்துனது நான் சார். அவளுக்குத் தெரியாது."

"மொதல்ல டெஸ்ட். மத்தது அப்புறம்."

நாற்பத்தெட்டு பெட்டியும் பிரிந்தது. மாரிசெல்வி ரப்பர் பாய் மேல் ஏறி நின்றாள், கையுறை மாட்டினாள். முதலில் திருடன். 'பீ!' சிவப்பு. லைனில் எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒன்று. அடியில் ஸ்க்ரூவைச் சுரண்டி, கிளிப்பைக் கவ்வவிட்டு, முழுசாக ஒரு நிமிஷம். பச்சை. இரண்டு. பச்சை. ஷிப்டு முடிந்தும் யாரும் பஸ்ஸுக்குப் போகவில்லை. பத்து. இருபது. எல்லாம் பச்சை. முப்பது தாண்டியதும் சக்திகுமார் முகத்தில் லேசாக ரத்தம் ஊறியது. எனக்கும் சொல்லக் கூடாத ஒரு கவலை: எல்லாமே பச்சையாகிவிட்டால் இந்தப் பெண்ணை ஊர் என்ன சொல்லும்? நிச்சயத்துக்கு முன்னாலேயே புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்றுதானே? நாற்பது. பச்சை. அவள் கை மட்டும் ஒரே மாதிரி போய்க்கொண்டிருந்தது. அவசரமும் இல்லை, சோர்வும் இல்லை.

நாற்பத்தி ஒன்று. 'பீ!'

அவள் கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். 'பீ!' அடித்தட்டைக் கழற்றினார்கள். மோட்டாருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு வயர் நசுங்கி, செம்பு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தகடு தொட்டுக்கொண்டிருந்த உடம்பில்தான் எவளோ ஒருத்தி கை வைத்து மாவை வழித்திருப்பாள்.

சக்திகுமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மீதி ஏழையும் முடித்துவிட்டுத்தான் அவள் கையுறையைக் கழற்றினாள். இராமச்சந்திரன் முத்திரையை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒரு வாரம் இது எங்கிட்ட இருக்கும். குடுத்ததுக்குத் தண்டனை. தொரத்திப் போய்ப் புடிச்சதனால ஒரு வாரத்தோட போச்சு." பிறகு சக்திகுமாரைப் பார்த்தார். "நீ கிண்டிக்குப் போ. பத்து நாள். பாஸ் பண்ணாம லைன் பக்கம் வராத."

கேட்டுக்கு வெளியே வந்ததும் சக்திகுமார், "வெள்ளிக்கெழம...?" என்று இழுத்தான்.

"நீங்க பாஸ் பண்ணின பெறகு" என்றாள் மாரிசெல்வி. "எங்க அம்மைட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

முதல் தடவை அவன் ஃபெயில். எந்தக் கேள்வியில் என்கிறீர்கள்? திருடன் எதற்கு என்கிற கேள்வியில்தான். இரண்டாம் தடவை பாஸ். முத்திரை எண் பதினொன்று.

பங்குனி பிறப்பதற்கு முன் நிச்சயம் வைத்தார்கள். சமையல் மீனம்மாள், மாவாட்டியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளையைக் காணோம். பார்த்தால், பட்டு வேட்டியோடு மண்டபத்து மூலையில் முட்டி போட்டு மைக் செட்காரனோடு மல்லுக்கு நிற்கிறான். வயரில் டேப் சுற்றி இருக்கிறதாம், மாற்றாமல் சுவிட்ச் போடக் கூடாதாம்.

"ஏலே, நேரம் போவுதுலே!" என்று அவன் அப்பா கத்துகிறார். மேடையிலிருந்து மாரிசெல்வி, நான் தைத்த பிளவுஸில், குனிந்த தலை நிமிராமல் கேட்கிறாள்: "அத்தான், எர்த் பாத்தியளா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒரு நிமிசம்."

முழுசாக ஒரு நிமிஷம். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து என் வாட்சில் பார்த்தேன்.